வலைக்குள் ஒரு சிவப்புத் துவர்த்து

மாலை ஐந்து முப்பத்தைந்து. இடைவேளை முடிந்து ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கேமராவின் வியூஃபைண்டரில் கண்ணை வைத்ததும் முதலில் தெரிந்தது ஒரு சிவப்பு.

துவர்த்து. மற்ற மாவட்டத்துக்காரர்கள் துண்டு என்பார்கள். கோல்கீப்பர் வியர்வை துடைக்கத் தொங்கவிட்டிருந்தது. லென்ஸின் வளையத்தை மெல்லத் திருப்பினேன். சிவப்பு பரவியது, பிறகு ஒடுங்கியது. கரையின் நூல் ஒன்று தெரிந்தது. அங்கேயே நிறுத்தினேன். வளையம் நகராமலிருக்க செலோ டேப்பைக் கிழித்து ஒட்டினேன்.

ஒட்டும்போதே ஏதோ சரியில்லை என்று தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை. அதற்குள் விசில் ஊதிவிட்டது.

அருமனைக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய மைதானம் அது. மேற்குப் பக்கம் முழுக்க மரங்கள். சூரியன் மேலே இருக்கும்போதே மைதானத்தில் இருட்டு இறங்கிவிடும். செவன்ஸ் கால்பந்து, பக்கத்துக்கு ஏழு பேர். உள்ளூர் அணிக்கும் கடற்கரையிலிருந்து வேனில் வந்திருந்த அணிக்கும் கால் இறுதி. ஆளுக்கொரு கோல் போட்டிருந்தார்கள்.

விசில் ஊதியவரை ஜஸ்டின் சார் என்று வைத்துக்கொள்கிறேன். அது அவர் பெயர் அல்ல. “எழுதும். பேரை மட்டும் மாத்திப் போடும்” என்று சொல்லிவிட்டார். ஆகவே எல்லாருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஜஸ்டின் சார் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். இந்தப் போட்டி தொடங்கிய காலத்திலிருந்து இறுதி ஆட்டத்துக்கு அவர்தான் ரெஃப்ரி. கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது நான். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

கல்லுக்கும் அலைக்கும்

போன வாரம் தடுப்புச்சுவரில் மோதிய அலையின் படத்தைப் பற்றி எழுதியிருந்தேன். ஓடுகிற அலைக்கு எப்படி ஃபோகஸ் செய்தீர்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அலைக்குச் செய்யவில்லை. அது வந்து விழப்போகும் கல்லுக்குச் செய்துவிட்டு, அலைக்காகக் காத்திருந்தேன்.

கோலும் அப்படித்தான். இப்போதைய கேமரா தானாகவே ஃபோகஸ் செய்யும். முகத்தைக் கண்டுபிடிக்கும், கண்ணைக்கூடத் தேடிப் பிடிக்கும். ஆனால் கோலுக்குப் பின்னால், வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் அதன் சாமர்த்தியம் செல்லாது. கண்ணெதிரே இருக்கும் வலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடாது. படத்தில் கயிறு முடிச்சு கத்திபோல இருக்கும், ஆட்டக்காரன் புகைபோல இருப்பான்.

அதனால் தானியங்கியை அணைத்துவிடுவேன். கோல் கோட்டுக்குக் கையால் ஃபோகஸ் வைத்து, டேப் ஒட்டி, பந்துக்காகக் காத்திருப்பேன்.

கோட்டுக்கு ஃபோகஸ் வைக்கப் போஸ்ட் போதும் என்று தோன்றும். இளவயதில் போதுமாக இருந்தது. இப்போது போதவில்லை. போஸ்ட் வெள்ளைக் குழாய். அதில் கோடு இல்லை, நூல் இல்லை, எழுத்து இல்லை. தெளிவாக இருக்கும்போதும் எனக்கு அது வெள்ளைதான், கலங்கியிருக்கும்போதும் வெள்ளைதான். கண் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்.

கோல்கீப்பர்கள் வழக்கமாகத் துவர்த்தைப் போஸ்டில்தான் தொங்கவிடுவார்கள். சில வருடங்களாக நான் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. நூல் தெரிந்தால் துவர்த்து தெளிவு. துவர்த்து தெளிவென்றால் போஸ்ட் தெளிவு. போஸ்ட் தெளிவென்றால் கோடு தெளிவு.

வெட்டுப்பட்ட மூக்கு

பத்திரிகையில் சேர்ந்த புதிதில் என்னிடம் இருந்த கேமராவின் வியூஃபைண்டர் நடுவில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். வட்டம் குறுக்கே இரண்டாக வெட்டுப்பட்டிருக்கும். ஃபோகஸ் இல்லாதபோது மேல்பாதி ஒரு பக்கம் விலகி நிற்கும், கீழ்பாதி இன்னொரு பக்கம். வளையத்தைத் திருப்பி இரண்டையும் சேர்க்க வேண்டும்.

நேராக நிற்கும் எதுவும் உதவும். விளக்குக் கம்பம், கல்யாண மாப்பிள்ளையின் வேட்டிக் கரை, மைக்கின் தண்டு. ஒருமுறை மார்த்தாண்டத்தில் மேடையேறிய தலைவர் ஒருவரின் மூக்கு இரண்டாகப் பிளந்து நின்றது. ஒட்டவைத்தேன், அழுத்தினேன். மறுநாள் முதல் பக்கத்தில் மூக்கு ஒழுங்காக இருந்தது.

அந்த வேலையில் யோசனையே கிடையாது. கண் பார்க்கும், கை திரும்பும். ஃபோகஸ் வந்துவிட்டது என்று நான் ஒருநாளும் முடிவு செய்ததில்லை. வந்திருக்கும், அவ்வளவுதான்.

இப்போது முடிவு செய்கிறேன். ஒவ்வொரு முறையும். வந்துவிட்டதா? இன்னும் கொஞ்சமா? தாண்டிவிட்டதா? திரும்பிப் போய், மறுபடி வந்து, மறுபடி தாண்டி. ஆட்டம் தொடங்குமுன்பே களைத்துவிடுகிறேன்.

கை நீளம்

நாற்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள் பஸ் டிக்கெட்டைக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தேன். ஆரம்பம் அதுதான். பிறகு மருந்துச் சீட்டு. பிறகு வீட்டுச் சுவரில் தினத்தாள் காலண்டர்.

நாகர்கோவிலில் கண் மருத்துவர் பார்த்துவிட்டு, “நோய் எதுவும் இல்லை” என்றார். கண்ணுக்குள் ஒரு லென்ஸ் இருக்கிறது. சின்ன வயதில் அது வளைந்து கொடுக்கும், வயதானால் இறுகிவிடும். கேமராவில் கொஞ்சம் பிசகினாலும் இளம் கண் தானே வளைந்து அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். இறுகிய கண் அப்படிச் செய்யாது. போதாததற்கு, வெளிச்சம் குறைந்தால் கூடுதலாகத் திண்டாடும். நோய் என்றால் மருந்து கேட்டிருப்பேன். நோய் இல்லை என்றதும் என்ன கேட்பது என்று தெரியாமல் எழுந்து வந்தேன்.

மேல்பாதியில் தூரமும் கீழ்பாதியில் பக்கமும் தெரியும் கண்ணாடி தந்தார். அதைப் போட்டுக்கொண்டு வியூஃபைண்டரில் பார்க்க, தண்ணீர் குடிக்கும் கோழிபோலத் தலையைத் தூக்க வேண்டியிருந்தது. வியூஃபைண்டரைச் சுற்றியுள்ள ரப்பர் உரசிக் கண்ணாடியில் கீறல் விழுந்தது. கழற்றிப் பையில் வைத்தேன்.

வியூஃபைண்டரின் ஓரத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. பார்ப்பவரின் பவருக்குத் தக்கபடி திருப்பிக்கொள்ளலாம். வருடத்துக்குக் கொஞ்சமாக அதைத் திருப்பிவந்தேன். இப்போது கடைசியில் முட்டி நிற்கிறது. முட்டி நிற்கிறது என்று தெரிந்தும் திருப்பிப் பார்க்கிறேன். சாப்பிடும் நேரத்தில்கூட கேமராவை எடுத்துக் காலண்டரைப் பார்ப்பேன். இடது கண், வலது கண், மறுபடி இடது.

“அவ்வளவு பாக்கியளே, இன்னைக்கு ராகுகாலம் எப்போன்னு சொல்லுங்கோ பாப்போம்” என்பாள் மனைவி.

“சோறு ஆறுது” என்பேன்.

“போஸ்டே தெளியல்ல”

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. கடற்கரை அணிக்காரன் ஒருவன் தரையோடு அடித்தான். உள்ளூர் கோல்கீப்பர் அஜின் பக்கவாட்டில் விழுந்தான். நான் பட்டனை அழுத்திப் பிடித்தேன். அஜின் கையைப் பின்னால் நீட்டிப் பந்தைத் துழாவி இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

ஜஸ்டின் சார் விசிலை ஊதி நடுக்கோட்டைக் காட்டினார். கோல்.

சுற்றி நின்ற கூட்டம் முழுக்க மைதானத்துக்குள் இறங்கியது.

“ஓய் ரெஃப்ரி! பந்து அவன் கையிலல்லா இருக்கு!”

“கண்ணாஸ்பத்திரில இருந்து நேரா இஞ்ச வந்தியளா?”

“சாருக்கு ஒரு ஊன்றுகோல் குடுங்கலே!”

செவன்ஸில் கோட்டுக்கென்று தனியாக ஆள் வைப்பதில்லை. முன்னாலிருந்து பார்த்தவர்களுக்குப் பந்தை அஜினின் உடம்பு மறைத்திருந்தது. பின்னாலிருந்து பார்க்க நானும் ஒரு நாயும்தான் இருந்தோம். நான் பந்தைப் பார்த்தேன். ஆனால் கோட்டை அவன் உடம்பு மறைத்திருந்தது. நீளமான லென்ஸில் முன்னது பின்னது எல்லாம் சுவரொட்டிபோல ஒரே தாளில் ஒட்டிக்கொள்ளும். உள்ளேயா வெளியேயா என்று எனக்குத் தெரியவில்லை.

போட்டிக் குழுவின் செயலாளர் சசி மூச்சிரைக்க ஓடிவந்தார். மார்த்தாண்டத்தில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர்.

“அண்ணே, படம் கிட்டிச்சா?”

“எடுத்திருக்கேன்.”

“காட்டுங்கோ.”

கேமராவின் பின்திரையில் படத்தைக் கொண்டுவந்தேன். வண்ணங்கள் தெரிந்தன. மற்றது தெரியவில்லை. கையை நீட்டினேன். இன்னும் நீட்டினேன். கண்ணாடி ஸ்கூட்டர் பெட்டியில் இருந்தது.

“இஞ்ச தாங்கோ” என்று வாங்கிய சசியும் கையை நீட்டினார். அவரிடமிருந்து தலைவர் வாங்கி நீட்டினார். அவரிடமிருந்து பொருளாளர். கேமரா நீட்டிய கையிலிருந்து நீட்டிய கைக்குப் போய்க்கொண்டிருந்தது. குழுவில் ஐம்பதுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை.

“ஏலே, கண்ணு உள்ளவன் எவனாவது பாருங்கலே” என்று சசி கத்தினார்.

உள்ளூர் அணியின் பையன் ஒருவன் வாங்கினான். அவனுக்குக் கையை நீட்ட வேண்டியிருக்கவில்லை. பெரிதாக்கினான், நகர்த்தினான்.

“போஸ்டே தெளியல்ல. எல்லாம் மங்கலாட்டு கெடக்கு. இது என்ன படம்?”

படத்தில் அவன் போஸ்டைத்தான் பார்த்தான். நானும் அதைத்தான் பார்த்திருப்பேன்.

“ரெஃப்ரிக்கும் கண்ணு தெரியாது, போட்டோக்காரருக்கும் கண்ணு தெரியாது. ஜோடிப் பொருத்தம் கொள்ளாம்!” என்றது கூட்டத்தில் ஒரு குரல். கடற்கரைக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

ஜஸ்டின் சார் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். “கோல் வேண்டாம், பெனால்டி அடிச்சுத் தீருங்கோ” என்று சொல்லி, கழுத்திலிருந்து விசிலைக் கழற்றிச் சசியின் கையில் வைத்தார். பெனால்டிக்கு வேறொரு இளைஞன் விசில் ஊதினான். கடற்கரை அணி ஜெயித்தது. ஆக, அந்தக் கோலால் இனி எந்த அணிக்கும் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

கலையும்போது சசி என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். “ஃபைனலுக்கு விசில் ஊதத் திருவனந்தபுரத்துல இருந்து ஒரு பயலக் கூப்பிடலாம்னு பேச்சு. சார்கிட்ட நீங்க சொல்லுவியளா?”

நான் சொல்லவில்லை.

பந்து எங்கே இருந்தது

காலையில் எழுந்ததும் படங்களைக் கணினியில் ஏற்றினேன். பல்லே தேய்க்கவில்லை. பெரிய திரையில், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பையன் சொன்னது சரி. போஸ்ட் கலங்கியிருந்தது. டேப் ஒட்டிய இடத்திலிருந்து வளையம் நகரவில்லை. அப்படியானால் நான் ஒட்டிய இடமே தப்பு.

எழுந்து நடந்தேன். முற்றத்துக்குப் போனேன், திரும்பி வந்தேன். கேமராவை எடுத்துத் திருகைத் திருப்பினேன். முட்டியது.

மறுபடி உட்கார்ந்தபோது போஸ்டை விட்டுவிட்டு, எதுதான் தெளிவாக இருக்கிறது என்று தேடினேன். துவர்த்து தெளிவு. கரை நூல் ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. அதற்குக் கீழே பந்து. அதன் தையல் தெரிந்தது. காற்றடிக்கும் துளை தெரிந்தது.

அஜினுக்குப் போன் செய்தேன்.

“மக்கா, நேத்து துவர்த்த எங்க கெட்டியிருந்த?”

“உள்ள, வலையில. போஸ்டுக்குப் பொறத்த ஒண்ணர அடி இருக்கும்.”

“போஸ்டில கெட்டாம?”

“கழிஞ்ச ஆட்டத்துல போஸ்டில போட்டிருந்தேன் சார். அவனுவளுக்க ஸ்ட்ரைக்கர் வந்து அதுல மூக்குச் சிந்திட்டுப் போனான். அதுக்கப்பொறம் உள்ளதான்.”

துவர்த்து கோட்டுக்குப் பின்னால் ஒன்றரை அடி. அந்த வெளிச்சத்துக்கு லென்ஸை முழுக்கத் திறந்து வைத்திருந்தேன். அப்படித் திறந்தால், ஃபோகஸ் வைத்த தூரத்தில் இருப்பது மட்டுமே தெளிவாக விழும். ஒரு முழம் முன்னே பின்னே போனாலே கலங்கிவிடும். கோட்டின் மேல் நிற்கும் போஸ்ட் கலங்கியிருக்கிறது. துவர்த்தும் பந்தும் தெளிவாக இருக்கின்றன. பந்து துவர்த்தின் பக்கத்தில் இருந்திருக்கிறது. வலைக்குள்.

“அஜின், பந்து உள்ள போச்சா?”

போனில் அவனுக்குப் பின்னால் ஒரு கோழி கூவியது.

“அத எங்கிட்ட கேக்காதீங்கோ சார்” என்றான்.

ஆடியது எது

ஜஸ்டின் சார் வீட்டுக்கு ஸ்கூட்டரில் போனேன். மடிக்கணினி காலிடுக்கில் இருந்தது. மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே சிக்னலில் நிற்கும்போது எதிர் பஸ்களின் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். திற்பரப்பு தெரிந்தது. அடுத்தது தெரியவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

அவர் முன்னறையில் உட்கார்ந்து பயறு உடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழவில்லை.

“சசி அனுப்பினானா?”

“இல்ல. நீரு இதப் பாரும்.”

திரையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். துவர்த்து, ஒன்றரை அடி, பந்தின் தையல். அவர் மூக்கு திரையில் முட்டும்படி குனிந்து பார்த்தார். பிறகு வலது கண்ணை மூடினார். பிறகு இடது கண்ணை.

“அப்ப கோல்தான்” என்றார்.

“நீரு செரியாத்தானே ஊதினீரு. அதத்தான் சொல்ல வந்தேன்.”

அவர் பயறுத் தோலை ஓரமாக ஒதுக்கினார். உள்ளே அவர் மனைவி மிக்ஸியை ஓட்டிக்கொண்டிருந்தார். அது நின்றதும் சொன்னார்.

“ஓய், நான் பந்தப் பாக்கல்ல.”

“பின்ன?”

“அஜின் விழுந்தான், மறச்சிட்டான். மறைக்காட்டியும் அந்த நேரத்துல எனக்குப் பந்து தெரியாது. ஒரு கண்ணுல பொகை மாதிரி கெடக்கு. டாக்டர் ஆபரேஷன்னு சொல்லியாச்சு. ஃபைனல் முடியட்டும்னு இருக்கேன்.”

“அப்ப எதப் பாத்து ஊதினீரு?”

“துவர்த்து ஆடிச்சு.”

நான் திரையில் துவர்த்தைப் பார்த்தேன்.

“காத்து இல்ல. ஒரு எல அசையல்ல. செவப்புத் துவர்த்து மட்டும் ஆடுது. பந்து உள்ள போயி தட்டாம அது ஆடுமா? ஊதிட்டேன்.” திரையை மறுபடி பார்த்தார். “அவன் போஸ்டில கெட்டியிருந்தா உமக்குப் படம் செரியாட்டு விழுந்திருக்கும், இல்லியா?”

“ஆமா.”

“எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.”

அவர் மனைவி ஈரக் கையோடு எட்டிப் பார்த்தார். “ரெண்டு கண்ணு தெரியாத்ததுவளும் சேந்து என்ன சினிமா பாக்குதுவ?”

“கோல் படமாக்கும்” என்றார் ஜஸ்டின் சார். பிறகு என் பக்கம் திரும்பினார். “படத்த சசிக்குக் காட்டும்.”

“நீரு சொன்னத?”

“படத்தக் காட்டும்னுதான் சொன்னேன்.”

டைல்ஸ் கடையில்

சசி இந்தமுறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பெரிதாக அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். நான் விளக்கி முடிக்குமுன்பே தலையாட்டினார்.

“பந்து தெளிஞ்சிருக்கு. போஸ்டு தெளியல்ல. அப்ப ரெண்டும் ஒரே இடத்துல இல்ல.”

“அதேதான்.”

“அப்பச் சாருக்கக் கண்ணு கொள்ளாமே அண்ணே! நாங்க இத்தற பேரு முன்னால நின்னும் பாக்காத்தத மனுசன் பாத்திருக்காரே!”

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கடைப் பையன் தரையில் ஒரு டைலைப் போட்டு உடைத்தான். சசி அவனைத் திட்டப் போனார். திரும்பி வரும்போது கையில் போன் இருந்தது. ஜஸ்டின் சாரைத்தான் அழைத்தார்.

வீடு திரும்பும் வழியில் இரண்டு முறை ஸ்கூட்டரை நிறுத்தினேன். திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். எதைச் சொல்வது? ஊதியது சரி. பார்க்கவில்லை. படம் சரி. நான் வைத்த ஃபோகஸ் தப்பு. எந்த வரிசையில் சொன்னாலும் ஒன்று மற்றதைக் கெடுத்தது.

இறுதி ஆட்டம்

இறுதி ஆட்டத்தன்று சீக்கிரமே போய்விட்டேன். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு ஈரமாக இருந்தது. ஒலிபெருக்கியை யாரோ தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அணிகள் இன்னும் வரவில்லை, கோல்கீப்பர்களும் வரவில்லை.

ஜஸ்டின் சார் கறுப்புச் சட்டையில், கழுத்தில் விசிலோடு நடுவட்டத்தில் நின்றார். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். பார்த்தாரா, ஸ்கூட்டர் சத்தத்தை வைத்துத் தூக்கினாரா என்று தெரியவில்லை.

வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். தானியங்கியை அணைத்தேன். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தேன்.

இரண்டு கோல்களிலும் இரண்டிரண்டு புதுச் சிவப்புத் துவர்த்துகள் தொங்கின. போஸ்டில் ஒன்று, வலைக்குள் ஒன்று.